கிணத்துத் தண்ணி ஏறுதா, இறங்குதா? - கணக்குப் போட்டுச் சொல்லும் இலவச மென்பொருள்கள்!

'போன வருஷத்தைவிட இந்த வருஷம் கிணத்துல தண்ணி மேல இருக்கு. இனி கவலையில்ல!' - நல்ல மழை பெய்த ஆண்டில் இப்படிச் சொல்லாத வீடு இருக்காது. ஒரு கோடை சரியாக இல்லையென்றால் அதே வீட்டில், 'போர் இன்னும் நூறு அடி இறக்கணுமாம்' என்று கடனுக்கு அலைவார்கள். இரண்டு முடிவுக்கும் ஆதாரம், ஒரே ஒரு வருஷத்து நிலவரம்தான்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் தத்தளித்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, தெருத்தெருவாகக் குடங்களுடன் லாரிக்குக் காத்திருந்தார்கள். இப்படி ஏறி இறங்கும் தண்ணீரில், நிஜமான போக்கு எது, அந்தந்த வருஷத்து மழையின் ஆட்டம் எது என்று எப்படிப் பிரிப்பது?

அதற்காகவே நிலத்தடி நீர் அளவுகளை அலசும் புள்ளியியல் மென்பொருள்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டால் மிரட்டலாக இருக்கும். உள்ளே நடக்கும் கணக்கில் பாதியை நாமே நோட்டில் போட்டுவிடலாம்!

மே மாதத்தை மே மாதத்தோடு!

மத்திய நிலத்தடி நீர் வாரியம், நாடு முழுவதும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளில் வழக்கமாக ஆண்டுக்கு 4 முறை நீர்மட்டத்தை அளக்கிறது. ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் என்று. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் தண்ணீர் மேலே இருக்கும். மே மாதத்தில் கீழே போகும். இந்த இரண்டையும் ஒப்பிட்டால் பருவம்தான் தெரியும், போக்கு தெரியாது.

எனவே மென்பொருள் மே மாதத்தை மே மாதத்தோடும், ஜனவரியை ஜனவரியோடும் மட்டுமே ஒப்பிடும். 'பருவவாரி கெண்டால் சோதனை' என்ற இந்த முறையை, அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 1982-ல் வெளியிட்டார்கள். ஆறுகளின் நீர்த்தரத்தை அலசுவதற்காக வந்த முறை இது. இன்று நிலத்தடி நீருக்கும் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கிணற்றில் ஆறு ஆண்டுகளாக மே மாதம் மட்டும் அளந்ததாக வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்ற கணக்கு: 8.0, 8.6, 8.3, 9.4, 9.1, 10.2. எண் கூடினால் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள்.

இப்போது ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பின்னால் வரும் எல்லா ஆண்டுகளோடும் ஜோடி சேருங்கள். மொத்தம் 15 ஜோடிகள். அதில் 13 ஜோடிகளில் பிந்தைய ஆண்டில் தண்ணீர் ஆழத்துக்குப் போயிருக்கிறது. 2 ஜோடிகளில் மட்டும் மேலே வந்திருக்கிறது. போக்கே இல்லாத ஒரு கிணற்றில், வெறும் தற்செயலாக இவ்வளவு இறக்கம் தெரிவதற்கு 100-க்கு 3 வாய்ப்புகூட இல்லை. ஆக, இந்தக் கிணறு நிஜமாகவே இறங்குகிறது. 3-வது, 5-வது வருஷங்களில் மட்டம் ஏறியதைப் பார்த்து நிம்மதியடைந்திருந்தால் ஏமாந்திருப்போம்!

இதே கணக்கு, அவசர முடிவிலிருந்தும் காப்பாற்றும். மூன்றே மூன்று வருஷ அளவுதான் கையில் இருக்கிறது, மூன்றும் வரிசையாக இறங்குகின்றன என்றால்? அது தற்செயலாக நடக்க 6-க்கு 1 வாய்ப்பு இருக்கிறது. பயப்படுவதற்கு முன் இன்னும் அளக்க வேண்டும்.

10.2 என்பது 102 ஆனால்?

சரி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது? அந்த 15 ஜோடிகளிலும் ஆண்டுக்கு எத்தனை மீட்டர் மாற்றம் என்று கணக்கிட்டு, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுக்க வேண்டும். நம் கிணற்றுக்கு அது ஆண்டுக்கு 0.4 மீட்டர். ஹென்றி தெய்ல் 1950-ல் சொன்ன யோசனையை 1968-ல் விரிவாக்கியவர் பிரணாப் குமார் சென். கொல்கத்தாவில் படித்து, அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

இந்த முறையின் பலம் என்ன தெரியுமா? தட்டச்சு செய்பவர் புள்ளியை விட்டுவிட்டு 10.2-ஐ 102 என்று பதிந்துவிட்டார் என்று வையுங்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்த ஒரே நேர்க்கோடு போடும் வழக்கமான முறை, ஆண்டுக்கு 13.5 மீட்டர் இறங்குகிறது என்று ஊரையே கலங்கடித்துவிடும். சென் முறையில் விடை 0.4-லிருந்து 0.47 ஆக மாறும், அவ்வளவுதான்.

'பி.டி.எல்.' என்றால் சுத்தமா?

தண்ணீரின் அளவைப் போலவே தரத்திலும் ஏமாற வாய்ப்புண்டு. ஆய்வக ரிப்போர்ட்டில் 'பி.டி.எல்.' என்று பார்த்திருப்பீர்கள். அதற்கு 'அந்தப் பொருள் இல்லை' என்று அர்த்தம் கிடையாது. 'எங்கள் கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே இருக்கிறது' என்பதுதான் அர்த்தம். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கருவியால் 0.02-க்குக் கீழே பார்க்கவே முடியாது என்றால், அது தரும் 'பி.டி.எல்.' உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தராது.

பலர் அந்த இடத்தில் பூஜ்ஜியத்தையோ, கருவியின் வரம்பில் பாதியையோ போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பிறகு ஆய்வகம் நுட்பமான கருவி வாங்கினால், தண்ணீர் மாறாமலேயே எண்கள் மாறும். இல்லாத போக்கு ஒன்று தெரியும். நல்ல மென்பொருள் 'இதற்குக் கீழே' என்ற தகவலை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கிடும்.

பொய் அலாரமும் பிரச்னைதான்!

ஒரு குப்பைக்கிடங்கைச் சுற்றி 20 கிணறுகள், ஒவ்வொன்றிலும் 10 வேதிப்பொருள்கள் என்றால் மொத்தம் 200 சோதனைகள். ஒவ்வொன்றிலும் 5 சதவிகிதம் தவறாக மணியடிக்கும் வாய்ப்பு இருந்தால், மாசே இல்லாத இடத்திலும் சுமார் 10 அலாரம் அடிக்கும். அடிக்கடி பொய்யாக அடித்தால், நிஜமாக அடிக்கும்போது யார் எழுந்திருப்பார்கள்? இதற்காகவே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-ல் விரிவான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. மணி அடித்ததும் மறுமாதிரி எடுத்து உறுதிசெய்வது அதில் முக்கியமான ஒன்று.

எங்கே கிடைக்கும்?

அந்த முகமையின் 'புரோ யூ.சி.எல்.' இலவசம். ஷெல் நிறுவனமும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் உருவாக்கிய 'ஜி.டபிள்யூ.எஸ்.டாட்', மாசு எந்தத் திசையில் பரவுகிறது என்று வரைபடமாகவே காட்டும். அதுவும் இலவசம். அதற்கு அடிப்படையான 'ஆர்' மென்பொருள், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்து, உலகம் முழுக்க யாரும் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. நம் நாட்டுக் கிணறுகளின் நீர்மட்ட அளவுகளை, 'இந்தியா டபிள்யூ.ஆர்.ஐ.எஸ்.' என்ற அரசு இணையதளத்தில் பார்க்கலாம். கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அருமையான பிராஜெக்ட் இது.

ஆனால், அளக்காத கிணற்றுக்கு எந்த மென்பொருளாலும் பதில் சொல்ல முடியாது. 'போக்கு தெரியவில்லை' என்று அது சொன்னால், 'தண்ணீர் பத்திரம்' என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அளவுகள் போதாமல்கூட இருக்கலாம்.

வீட்டில் திறந்த கிணறு இருக்கிறதா? கைப்பிடிச் சுவரில் ஒரு பெயின்ட் குறி வையுங்கள். ஜனவரியிலும் மே மாதத்திலும், காலையில் மோட்டார் போடும் முன், அதே குறியிலிருந்து கயிறு விட்டு அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஆறு வருஷம் கழித்து 'இன்னும் நூறு அடி போடலாமா?' என்ற பேச்சு வரும்போது, அந்த நோட்டை எடுத்து 15 ஜோடிகளையும் எண்ணிப் பாருங்கள். கடன் வாங்குவதா, மழைநீர்த் தொட்டியைச் சரிசெய்வதா என்பதை அதற்குப் பிறகு முடிவுசெய்யலாம்!