பொக்லைனுக்கும் ஒரு கட்டைவிரல்! மரம், பாறையை நழுவாமல் பிடிப்பது எப்படி?

மண் அள்ளுவதில் பொக்லைனை அடிச்சுக்க ஆளில்லை. ஆனால் விழுந்து கிடக்கும் மரத்தையோ, இடிந்த கட்டடத்தின் கான்கிரீட் துண்டையோ தூக்கச் சொன்னால் திணறும். பக்கெட்டில் ஏற்றினாலும் உருண்டு விழுந்துவிடும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'தம்ப்', அதாவது கட்டைவிரல். இதைத் தப்பாக இயக்கினால், பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

தம்ப் என்றால் என்ன?

பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். இயந்திரத்தின் பொதுப்பெயர் எக்ஸ்கவேட்டர். அதன் கையின் உள்பக்கத்தில், பக்கெட்டுக்கு எதிரே பொருத்தப்படும் இரும்பு விரல்கள்தான் தம்ப். நான்கு விரல்களுக்கு எதிரே நம் கட்டைவிரல் நின்று பொருளைப் பிடிக்கிறதே, அதே வேலைதான். அமெரிக்கா, கனடாவில் நிலம் திருத்தும் வேலைகளில் இது சர்வ சாதாரணம்.

எத்தனை வகை?

முக்கியமாக இரண்டு. மெக்கானிக்கல் தம்ப் தானாக அசையாது. அதைத் தாங்கும் கம்பியில் சில துளைகள் இருக்கும். பெரிய மரமா, சின்னக் கல்லா என்று பார்த்து, ஏற்ற துளையில் பின்னைச் செருகி நிறுத்த வேண்டும். ஹைட்ராலிக் தம்ப்புக்குத் தனி சிலிண்டர் உண்டு. ஜாய்ஸ்டிக் பட்டன் அல்லது கால் பெடல் மூலம், சீட்டில் இருந்தபடியே இயக்கலாம்.

சரிசெய்யும்போது என்ன கவனிக்கணும்?

பின்னைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். தம்ப்பைத் தாங்காமல் பின்னை உருவினால், அது சட்டென்று கீழே விழும். கை மாட்டினால் அவ்வளவுதான்.

தம்ப்பின் நுனியும் பக்கெட்டின் பற்களும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். பக்கெட் மாற்றினால் அளவும் மாறும். எனவே மறுபடியும் மெதுவாக மூடித் திறந்து, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

எது பிடிக்கிறது?

தம்ப்தான் அழுத்திப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கலாம். உண்மையில் பலம் பக்கெட்டிடம்தான். தம்ப்பைப் பொருளின் மேல் வைத்து நிறுத்திவிட்டு, பக்கெட்டை மெதுவாகச் சுருட்டினால் பிடி இறுகும். ஹைட்ராலிக் தம்ப்பில் அழுத்தம் அளவை மீறினால், ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயை விடுவிக்கும். தம்ப்பும் கொஞ்சம் பின்வாங்கும். இது பழுது இல்லை, சிலிண்டர் வளையாமல் காக்கும் ஏற்பாடு. ஆனாலும் வலுக்கட்டாயமாக அழுத்திக்கொண்டே இருந்தால், பின்னும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

செய்யக் கூடாதவை

* தம்ப்பை நெம்புகோலாக்கி, மரத்தின் வேரைப் பிடுங்கக் கூடாது. பக்கவாட்டு விசை அதை வளைத்துவிடும்.
* நீளமான மரத்தை ஓரத்தில் பிடிக்கக் கூடாது. நடுவில் பிடித்தால்தான் சாயாது.
* பளு அட்டவணையை அப்படியே நம்பக் கூடாது. தம்ப்பின் எடையையும் கழித்துப் பார்க்க வேண்டும்.
* மண் தோண்டும்போது தம்ப்பை விரித்து வைக்கக் கூடாது. கையோடு ஒட்டி மடக்க வேண்டும்.

தூக்கிய பளுவைத் தரைக்கு அருகிலேயே வைத்து, மெதுவாகத் திருப்ப வேண்டும். சுழலும் வட்டத்துக்குள் யாராவது வந்தால், முதலில் பளுவைக் கீழே இறக்க வேண்டும். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.