பழைய டிஎஸ்எல்ஆரா, புதிய மிரர்லெஸ்ஸா?

கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கும் என் தங்கை மகள் சென்ற கோடை விடுமுறையில் ஒரு கேள்வியுடன் வந்தாள். “மாமா, டியூஷன் எடுத்து 65 ஆயிரம் ரூபாய் சேர்த்திருக்கேன். சீனியர் ஒருத்தர் தன்னோட பழைய டிஎஸ்எல்ஆரைப் பாதி விலைக்குத் தர்றேங்கிறார். கடையில கேட்டா, இனிமே எல்லாம் மிரர்லெஸ்தான், பழசுல போடுற பணம் வீண்ங்கிறாங்க. எதை வாங்கட்டும்?”

வந்தவாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் படமெடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு ஆண்டு உழைப்பில் சேர்ந்த பணம் அது. தவறாகச் செலவழித்தால், அடுத்த வாய்ப்பு வருவதற்குள் படிப்பே முடிந்துவிடும். அவளைப் போலவே கல்யாண வீடுகளில் உதவியாளராகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் பலர் தவணைக் கடனிலும் நகை அடகிலும் கேமரா வாங்குகிறார்கள். ஆகவே, இதைப் பொழுதுபோக்குக்காரர்களின் விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

கண்ணாடி எதற்கு வந்தது?

டிஎஸ்எல்ஆரின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்புகிறது. மேலே உள்ள ஐம்பட்டகம் அதை நேராக்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிட, ஷட்டர் திறந்து ஒளி சென்சாரில் விழுகிறது. நாம் கேட்கும் ‘டக்’ என்ற ஒலியில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடியுடையது.

இது ஃபிலிம் காலத்தின் தேவை. ஃபிலிமில் விழும் பிம்பத்தைக் கழுவி எடுக்கும்வரை யாராலும் பார்க்க முடியாது. லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்க வேண்டுமென்றால், இடையில் ஒரு கண்ணாடியை வைப்பது சிறந்த வழியாக இருந்தது. சென்சாருக்கு அந்தக் குறை கிடையாது. தன்மேல் விழும் பிம்பத்தை அதுவே நொடிக்குப் பல முறை திரையில் காட்டிவிடும். அப்படியானால், கண்ணாடி எதற்கு என்ற கேள்வியின் விளைவுதான் மிரர்லெஸ் கேமரா.

2008இல் பானசோனிக்கின் ‘லூமிக்ஸ் ஜி1’ இந்த வழியைத் திறந்தது. 2018இல் கேனனும் நிக்கானும் முழுச்சட்டகச் சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமராக்களை அறிமுகப்படுத்தின. 2020இல், உலக அளவில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட மிரர்லெஸ் கேமராக்களின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரைத் தாண்டியது. பெரிய நிறுவனங்களின் ஆய்வும் முதலீடும் அந்தப் பக்கமே சென்றுவிட்டன. ஆக, கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. தொழில்நுட்பம் எங்கே போகிறது என்பதற்கு அது விடை. ஒரு மாணவியின் 65 ஆயிரம் ரூபாய் எங்கே போக வேண்டும் என்பது வேறு கேள்வி.

இரண்டையும் அருகருகே வைத்தால்...

அவள் முன் இருந்தவை, 2016இல் வந்த கேனன் ‘80டி’, 2023இல் வந்த கேனன் ‘ஆர்50’. இரண்டின் சென்சாரும் ஏறத்தாழ ஒரே அளவு. இரண்டும் 24 மெகாபிக்சல். நல்ல வெளிச்சத்தில் இரண்டிலும் எடுத்த படங்களைச் சுவரில் மாட்டினால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஏழு ஆண்டு இடைவெளி இருப்பது படத்தின் தரத்தில் அல்ல; படமெடுக்கும் முறையில்.

மிரர்லெஸ்ஸின் முதல் வலிமை, எடை. பேட்டரி, மெமரி கார்டு உள்பட ‘80டி’ 730 கிராம். ‘ஆர்50’ 375 கிராம். இரண்டாவது, வியூஃபைண்டரில் தெரிவது கண்ணாடி காட்டும் காட்சி அல்ல, எடுக்கப்போகும் படத்தின் முன்னோட்டம். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் பொத்தானை அழுத்தும் முன்பே தெரிந்துவிடும். கற்றுக்கொள்பவர்களுக்கு இது பெரிய உதவி.

மூன்றாவதுதான் மிக முக்கியம். டிஎஸ்எல்ஆரில் குவியத்தை அளப்பதற்குக் கேமராவின் அடிப்பகுதியில் தனியாக ஒரு கருவி இருக்கிறது. படம் பதிவாவது சென்சாரில். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வேறுபாடு வந்தாலும், கண்ணுக்கு வைத்த குவியம் காதில் போய் விழும். மிரர்லெஸ்ஸில் அளப்பதும் பதிவதும் ஒரே சென்சார் என்பதால் இந்தப் பிழைக்கு இடம் குறைவு. மேலும், ‘80டி’யின் 45 குவியப் புள்ளிகள் சட்டகத்தின் நடுப்பகுதியிலேயே கூடியிருக்கின்றன. ‘ஆர்50’ மனிதரின் கண்ணைத் தானே கண்டுபிடித்து, சட்டகத்தின் ஓரம்வரை பின்தொடர்கிறது. ஓடும் குழந்தையையும் பறக்கும் பறவையையும் எடுப்பவர்களுக்கு இதற்கு நிகர் ஏதுமில்லை.

டிஎஸ்எல்ஆரின் பக்கம் என்ன இருக்கிறது? கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. அதனால், ‘80டி’யின் பேட்டரி ஒரு முறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 960 படங்கள் வரும் என்பது தரமுறைக் கணக்கு. ‘ஆர்50’க்கு அந்தக் கணக்கு 400ஐத் தொடுவதில்லை. மின்சார வசதி இல்லாத திடலில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தில் இந்த வேறுபாட்டின் பொருள், கூடுதலாக இரண்டு பேட்டரிகளின் விலை. கைக்கு அடக்கமான பிடியும், இருட்டில் தடவியே கண்டுகொள்ளக்கூடிய பொத்தான்களும் பெரிய உடலின் பயன்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்சாரே குவியத்தை அளக்கும் நுட்பத்தைக் கேனன் 2013இல் ‘70டி’ என்ற டிஎஸ்எல்ஆரில்தான் கொண்டுவந்தது. ‘80டி’யிலும் அது உண்டு. பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும்போது கண்ணாடி மேலேறி நின்றுவிடுவதால், அந்த நேரத்தில் அதுவும் ஒருவகை மிரர்லெஸ்தான்.

இருட்டில் பேசுவது லென்ஸ்

நான் அவளிடம் திருப்பிக் கேட்டேன்: “கேமரா இருக்கட்டும், லென்ஸுக்கு என்ன செய்யப்போறே?” புதிய கேமராவுடன் வரும் கிட் லென்ஸோடு அவள் பணம் தீர்ந்துவிடும். அந்த 18-45 மி.மீ. லென்ஸ் பகலில் நன்றாக வேலை செய்யும். ஆனால், முகத்தை நெருக்கிக் காட்ட 45 மி.மீ.க்குப் போனால், அதன் துவாரம் எஃப்/6.3க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ அதைப் போல ஏறத்தாழ 12 மடங்கு ஒளியை உள்ளே விடும்.

இதைக் கூத்துக் களத்தில் வைத்துப் பார்க்கலாம். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து சுழன்று ஆடும் வேடக்காரரை அசைவின்றிப் பிடிக்க, நொடியில் 200இல் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும். எஃப்/6.3இல் அதற்கு ஐஎஸ்ஓவை 12,800க்கு ஏற்ற நேர்ந்தால், படம் மணல் தூவியதுபோலப் புள்ளிகளால் நிறையும். அதே வெளிச்சத்தில், அதே வேகத்தில் எஃப்/1.8 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 1,000 போதும். ஏழு ஆண்டுகளில் சென்சார்கள் கண்ட எந்த முன்னேற்றமும் இந்த 12 மடங்கை ஈடுசெய்வதில்லை. மிரர்லெஸ்ஸுக்கும் 50 மி.மீ. லென்ஸ் கிடைக்கும் என்பது உண்மை. கேமராவுக்கே பணம் முழுவதையும் கொடுத்துவிட்டவர் அதை எதைக் கொண்டு வாங்குவார்?

மிரர்லெஸ்ஸின் ஒலியற்ற மின்னணு ஷட்டரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பரதநாட்டிய அரங்கிலும் கருத்தரங்கிலும் அது வரம். ஆனால், பெரும்பாலான கேமராக்களில் அது சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான குழல் விளக்குகளும் எல்இடிகளும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. அந்த வெளிச்சத்தில் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால், படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழக்கூடும்.

எது பழசு, எது புதுசு?

“டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சாமே மாமா?” என்பது அவளது அடுத்த கவலை. கேமராவின் ஆயுளைவிட லென்ஸ் பொருத்தும் வாயின் ஆயுளையே நான் கவனிக்கச் சொல்வேன். கேனன் 2012இல் ‘இஎஃப்-எம்’ என்ற வாயுடன் சிறிய மிரர்லெஸ் வரிசையொன்றைத் தொடங்கியது. அதை நம்பி லென்ஸ் வாங்கியவர்கள் பலர். 2023இல் அந்த வரிசை முடிவுக்கு வந்தது. அந்த லென்ஸ்களை இன்றைய ‘ஆர்எஃப்’ கேமராக்களில் பொருத்த வழியில்லை. நிக்கான் 2011இல் தொடங்கிய ‘நிக்கான் 1’ வரிசையும் 2018இல் நின்றுபோனது. இரண்டும் அன்றைய புதுமைகளே.

மாறாக, 1987இல் அறிமுகமான கேனனின் ‘இஎஃப்’ லென்ஸ்கள் இன்றைய மிரர்லெஸ்ஸிலும் ஓர் இணைப்பு வளையத்தின் உதவியால் தானியங்கிக் குவியத்துடனேயே இயங்குகின்றன. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரம் இருந்தது, கண்ணாடி போனதும் அது 20 மி.மீ. ஆயிற்று. மிச்சமான 24 மி.மீ. இடத்தில்தான் அந்த வளையம் உட்காருகிறது. அதாவது, இன்று டிஎஸ்எல்ஆருக்கு வாங்கும் நல்ல லென்ஸ் நாளைய மிரர்லெஸ்ஸுக்குச் சீராகக் கூடப்போகும். நிக்கான்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய ‘ஏஎஃப்-டி’ வகை லென்ஸ்களுக்கு, நிக்கானின் ‘எஃப்டிஇசட்’ வளையத்தில் தானியங்கிக் குவியம் கிடைக்காது.

கைமாறி வரும் கேமரா

பழையதை வாங்குவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிய லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் சிலந்தி வலைபோலத் தெரிந்தது. கடற்கரையூர்களின் ஈரப்பதத்தில் இது சாதாரணம். அதனால், விளக்கைப் பிடித்துப் பார்க்காமல் லென்ஸ் வாங்கக் கூடாது.

கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது, ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பது. ‘80டி’யின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் இந்த எண் படக்கோப்பிலேயே பதிவாகும். கேனனில் பல மாடல்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும். அடுத்து, துவாரத்தை எஃப்/16க்குக் குறைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால், சென்சாரில் உள்ள தூசும் கறையும் புள்ளிகளாகத் தெரியும். பிறகு, ஒரு செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, துவாரத்தை முழுவதும் திறந்து, குறிப்பிட்ட வரியில் குவியம் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். தெளிவு முன்வரிக்கோ பின்வரிக்கோ நகர்ந்திருந்தால், நான் மேலே சொன்ன மயிரிழைப் பிழை இருக்கிறது. ‘80டி’யில் அதைத் திருத்தும் அமைப்பு உண்டு, எல்லா டிஎஸ்எல்ஆரிலும் கிடையாது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வேலை. உற்பத்தி நின்ற கேமராக்களுக்கு உதிரிபாகங்கள் வரவர அரிதாகும் என்பதையும் விலை பேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

என் தேர்வு, அவள் தேர்வு

இவ்வளவையும் சொன்ன நான் பயன்படுத்துவது சிறிய மிரர்லெஸ்தான். என் பழைய டிஎஸ்எல்ஆரில் எந்தக் குறையும் இருக்கவில்லை. கழுத்து வலி வந்த பிறகு, லென்ஸோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு நடக்க மனம் வரவில்லை. ஓராண்டு முழுக்க அது பீரோவில் கிடந்தது. பீரோவில் கிடக்கும் கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்? பயணத்துக்கும் குடும்பப் படங்களுக்கும் காணொளிக்கும் ஒரே கருவி தேடுபவர்கள், எடை தாங்க முடியாதவர்கள், பறவைகளின் பின்னால் அலைபவர்கள், லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் வைத்திருப்பவர்கள் தயங்காமல் மிரர்லெஸ் வாங்கலாம்.

என் தங்கை மகள் சீனியரின் ‘80டி’யை எல்லாச் சோதனைகளும் செய்து வாங்கினாள். மிச்சப் பணத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் ஒரு மாற்றுப் பேட்டரியும் வந்தன. அதற்குப் பிறகும் கையில் இருந்த தொகை, ஊர் ஊராகப் போய்வரும் பேருந்துக் கட்டணமாயிற்று. முதல் இரவில் பாதிப் படங்களில் குவியம் தவறியது. புதிய கேமராவாக இருந்தால் அவற்றில் பல தப்பியிருக்கும் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன். “அந்தப் பணத்துக்குப் புதுசு வாங்கியிருந்தா, அடுத்த ஊர்க் கூத்துக்குப் போகக் காசு இருந்திருக்காதே மாமா” என்றாள்.

மூன்றாவது கூத்தில், விடியற்காலை நான்கு மணிக்குத் திரைக்குப் பின்னால் ஒற்றை விளக்கில் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரை அவள் எடுத்திருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்த யாரும், எந்தக் கேமரா என்று இதுவரை கேட்கவில்லை.