விழட்டும் மாதிரி விமானம்!



எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு மாணவன் அட்டையில் விமானம் செய்து வந்தான். கிள்ளான் சந்தையில் பார்ப்போமே திருக்கை மீன், அதே உருவம். வால் இல்லை. திடலில் வீசினான், தலையைத் தூக்கி, அப்படியே குப்புற விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பையன் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான்.

இப்படிச் சிரிப்புக்கு ஆளானவை எத்தனையோ! 1962-இல் அமெரிக்காவின் நாசாவில் டேல் ரீட் என்னும் பொறியாளர், இறக்கையே இல்லாத விமானம் பறக்கும் என்றார். நம்பியவர்கள் சிலரே. அவர் வாதாடவில்லை. 24 அங்குல மாதிரி ஒன்றைச் செய்து, ரேடியோவால் இயங்கும் இன்னொரு மாதிரி விமானத்தின் பின்னால் கட்டிப் பறக்கவிட்டார். அவருடைய மனைவி டோனா அதைப் படம் பிடித்தார். படத்தைப் பார்த்த மேலதிகாரி சம்மதித்தார். 1963-இல் 'எம்2-எஃப்1' விமானி ஒருவரைச் சுமந்து பறந்தது.

திருக்கை உருவ விமானத்துக்கும் இதே கதைதான். இறக்கையோடு உடலும் சேர்ந்து தூக்குவதால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் தனி வால் இல்லாததால், வேகம் குறைந்து மூக்கு உயர்ந்தால் நிலைகுலையலாம். உள்ளே ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து அல்லவா? அதனால்தான் போயிங்கும் நாசாவும் சுமார் 6 மீட்டர் அகலமுள்ள 'எக்ஸ்-48பி' மாதிரியை 2007 முதல் பறக்கவிட்டன. விமானி தரையில் அமர்ந்தபடியே இயக்கினார். ஏர்பஸ் நிறுவனம் தன் 3.2 மீட்டர் அகல 'மாவெரிக்' மாதிரியை 2020-இல் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்தது.

இது வெளிநாட்டார் வேலை என்று எண்ண வேண்டாம். கிள்ளானுக்கு அடுத்துள்ள ஷா ஆலாமில், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 முதல் இவ்வகை ஆளில்லா விமானத்தை ஆராய்ந்து, அதன் சிறு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

மாதிரி சொல்வதை அப்படியே பெரிய விமானத்துக்குப் பொருத்திவிட முடியாது. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் இறக்கையின் பரப்பு நூறில் ஒன்றாகும். எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். சிறியது சட்டென்று திரும்பும். பெரியது மெதுவாகத்தான் அசையும். ஆகவே எடையையும் வேகத்தையும் கணக்கிட்டே செய்ய வேண்டும்.

அந்த அட்டை விமானத்தை நான் தொட்டியிலிருந்து எடுத்தேன். "மூக்கில் கனம் போதவில்லையடா தம்பி" என்று சொல்லி, காகித ஊக்கு இரண்டை அவனையே மாட்டச் சொன்னேன். மறுபடி வீசினான். திடலின் பாதி தூரம் மிதந்து போய் இறங்கியது. சிரித்தவர்களே ஓடிப்போய் எடுத்து வந்தார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் விமானம் விழுந்தால் திட்டாதீர்கள். ஏன் விழுந்தது என்று அவனோடு சேர்ந்து பாருங்கள்.