வேர்டு ஃபைல் கனக்கிறதா? படங்களைக் கவனியுங்கள்!

இரவு 11 மணிக்கு அண்ணன் மகளிடமிருந்து போன். ''சித்தப்பா, புராஜெக்ட் ஃபைல் அப்லோடு ஆகவே மாட்டேங்குது. 12 மணியோட டைம் முடியுது!'' குரலில் அழுகை.

மூலிகைச் செடிகள் பற்றிய புராஜெக்ட். 40 பக்கங்கள், 22 படங்கள். கல்லூரி இணையதளம் 10 எம்.பி.க்கு மேல் வாங்காது. இவள் ஃபைலோ 90 எம்.பி! ''எல்லாப் படத்தையும் மவுஸால இழுத்துச் சின்னதாக்கிட்டேன். ஆனா, சைஸ் குறையல'' என்றாள்.

பலரும் செய்கிற தவறுதான். மூலையைப் பிடித்து இழுத்தால் பக்கத்தில் தெரியும் அளவு மட்டுமே குறைகிறது. பட்டுப்புடவையை எத்தனை மடிப்பு மடித்தாலும் எடை குறையுமா? அதுபோல, முழுப் படமும் ஃபைலுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

எவ்வளவு வீண் தெரியுமா?

12 மெகாபிக்சல் போன் கேமராவில் எடுத்த படத்தின் அகலம் சுமார் 4,000 பிக்சல், உயரம் 3,000. வேர்டு பக்கத்தில் அது 6 அங்குல அகலத்தில் நிற்கிறது. அங்குலத்துக்கு 150 பிக்சல் இருந்தாலே திரையில் தெளிவாகத் தெரியும். அப்படியானால் 900 பிக்சல் அகலம் போதும். மொத்த பிக்சல்களில் இருபதில் ஒரு பங்குதான் தேவை. மீதியெல்லாம் வெறும் சுமை.

சுமையை இறக்குவது எப்படி?

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கி சேவ் செய்து மூடிவிட்டால், பழைய தரம் திரும்ப வராது.

ஏதாவது ஒரு படத்தை க்ளிக் செய்யுங்கள். மேலே 'பிக்சர் ஃபார்மட்' வரும். அதில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்பதைத் தொடுங்கள். 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால்தான் எல்லாப் படங்களும் சுருங்கும். பிரின்ட் எடுப்பதற்கு 220 பி.பி.ஐ., திரையில் பார்ப்பதற்கு 150, இமெயிலுக்கு 96 என்று தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பிறகு சேவ் செய்யுங்கள்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்கள், படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்தால் 'கம்ப்ரஸ்' கிடைக்கும்.

வெட்டினாலும் போகாது!

போனில் சொல்லச் சொல்ல அவள் செய்துகொண்டே வந்தாள். இடையில் ஒரு சந்தேகம் வந்து, ''முதல் பக்கத்துல உன் போட்டோ எங்கேருந்து எடுத்தே?'' என்று கேட்டேன். ''ஆதார் கார்டைப் போட்டோ எடுத்துப் போட்டு, முகத்தை மட்டும் க்ராப் பண்ணிட்டேன்.''

''அந்தப் படத்துல திரும்ப க்ராப்பை அமுக்கிப் பாரு.''

''ஐயோ, சித்தப்பா!'' என்றாள். முழு கார்டும் தெரிந்தது. பிறந்த தேதி, 12 இலக்க எண், எல்லாம்!

வேர்டில் க்ராப் செய்வது ஜன்னலுக்குத் திரை போடுவது மாதிரி. திரையை விலக்கினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஃபைல் யார் கைக்குப் போனாலும் அவர் இதைச் செய்யலாம். எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பதும் வீண்தான். கட்டத்தை நகர்த்தினால் எண் தெரியும்.

இதற்கும் மருந்து அதே 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' பெட்டியில் இருக்கிறது. 'டெலீட் க்ராப்டு ஏரியாஸ் ஆஃப் பிக்சர்ஸ்' என்பதில் டிக் இருந்தால், வெட்டிய பகுதி நிஜமாகவே அழியும். சேவ் செய்தபின், மறுபடி க்ராப்பை அமுக்கிச் சரிபார்த்துவிடுங்கள். ஆதார், பாஸ்புக் போன்றவற்றை போனிலேயே வெட்டி, வெட்டிய படத்தை மட்டும் ஃபைலில் சேர்ப்பது இன்னும் நல்லது.

11.40-க்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது. இப்போது அதன் எடை 4 எம்.பி. சொச்சம்.

''சைஸ் குறைஞ்சதைவிட, நம்பர் வெளியே போகாம தப்பிச்சதுதான் சித்தப்பா பெரிய நிம்மதி'' என்றாள். நீங்களும் அடுத்த ஃபைலை அனுப்பும் முன், க்ராப் செய்த படங்களை ஒருமுறை க்ளிக் செய்து பார்த்துவிடுங்களேன்!