மண்டியின் வரவு செலவு

மன்னார் கீரிப் பக்கத்தில் கள்ளு முட்டியின் அடியில் படியும் மண்டிக்கு யாரும் விலை பேசுவதில்லை. அதில் பெரும்பங்கு ஈஸ்ட்தான். மேல்நாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுவோர் அதன் உறவுக்காரனைப் பொதியாகக் காசு கொடுத்து வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். நட்டக்கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

திரவ ஈஸ்ட் பொதியொன்றில் ஏறத்தாழ 10,000 கோடி உயிரணுக்கள். குளிரிலும் மாதம் 20 வீதம் சாகும் என்பது அவர்களின் கைக்கணக்கு. அதன்படி 1 மாதத்தில் மிஞ்சுவது 8,000 கோடி, 3 மாதத்தில் 5,120 கோடி, 6 மாதத்தில் 2,621 கோடி. பொதியை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உயிருள்ள ஆயிரம் கோடியின் விலை முதல் நாள் 10 ரூபாய், ஆறாம் மாத முடிவில் 38 ரூபாய். கடைக்காரர் ஒரு சதமும் கூட்டவில்லை.

20 லீற்றர் நடுத்தரப் பியருக்கு வேண்டியது சுமார் 18,000 கோடி. புதிய பொதியென்றால் இரண்டு போதும். ஆறு மாதம் கிடந்ததென்றால் ஏழு. ஏழு வாங்குவது வீண்செலவு. லீற்றருக்கு 100 கிராம் மால்ட் சாறு கரைத்து ஒன்றிரண்டு நாள் ஊட்டினால் உயிரோடிருப்பவை பெருகிவிடும்.

எண்ணிக்கையில் தெரியாத சேதமும் உண்டு. பட்டினி கிடக்கும் உயிரணு தன் சேமிப்பான கிளைக்கோஜனையும் டிரெஹலோஸையும் தின்று தீர்க்கிறது. மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் செத்தது நீலமாகும், உயிருள்ளது நிறமற்றே நிற்கும். நிறமற்றதெல்லாம் தெம்புள்ளது என்று நம்பிவிடக் கூடாது. தெம்பில்லாததை இட்டால் நொதிப்பு பிந்தும். செத்தவை உடைந்து கரைந்தால் இறைச்சிச் சாற்று வாடை வரும்.

உலர் ஈஸ்ட் பரவாயில்லை: 4 பாகை செல்சியஸில் ஆண்டுக்கு 4 வீத இழப்பு, அறை வெப்பத்தில் 20 வீதம். ஆனால் அந்த 'அறை' குளிர்நாட்டு அறை. மன்னார் அலுமாரிக்கு அது செல்லாது.

முட்டிக்கு இந்தச் சேமிப்புச் செலவே கிடையாது. நேற்றைய மண்டியின் மிச்சம் இன்றைய சாற்றில் விழுகிறது, அன்றன்று தீனி. லீற்றருக்கு 120 கிராம் சீனியைக் குளுக்கோஸாக எண்ணினால் ஏட்டுக்கணக்கில் 61 கிராம் மதுசாரமும் 59 கிராம் கரியமில வாயுவும் வரவேண்டும். அந்த மதுசாரம் கனவளவில் 7.7 வீதம். கையில் வருவது பெரும்பாலும் 4 முதல் 6 வீதம், மீதியில் பாக்டீரியாவுக்கும் பங்கு. ஒரு நாள் தாண்டினால் புளிப்பு மேலோங்கும். சுண்ணாம்பு பூசிய முட்டியில் ஈஸ்ட் தலையெடுக்காது, கருப்பணி இனிப்பாகவே இறங்கும்.

வீட்டில் காய்ச்சிப் பார்க்க ஆசைப்படுபவர் இலங்கையின் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தையும் செலவுப் பக்கத்தில் எழுதவேண்டும், அனுமதிப்பத்திரமில்லாமல் காய்ச்சுவது குற்றம். தவறணையில் வாங்கிய கள்ளை அப்ப மாவில் விட்டுப் புளிக்கவைப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.