மலைக்கும் உண்டு கடல் கவலை

கூடலூர் மக்களிடம் கடற்கொள்ளையைப் பற்றிப் பேசுவதா என்று கேலி செய்வோர் உண்டு. மேகம் தவழும் மலையூருக்கும் அலை புரளும் கடலுக்கும் என்ன உறவு என்பது அவர்தம் கேள்வி. உறவு உண்டு என்கிறோம் நாம்.

கூடலூரில் கிள்ளும் கொழுந்து ஆலையிலே தூளாகிறது. குன்னூர் ஏலத்தில் விலைபோகிறது. அதில் ஒரு பகுதி கொச்சியில் கப்பலேறுகிறது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன; கப்பல் கூலி ஏறிற்று. கடலில் ஏறும் கூலி, மலையிலே கொழுந்து பறிப்பவர் மடியில் கைவைக்க எத்தனை நாளாகும்?

அந்தக் குழப்பத்திலே சோமாலியக் கொள்ளையரும் தலைதூக்கினர். 2023 டிசம்பரில் 'ரூயன்' என்ற கப்பலைக் கைப்பற்றினர். 2024 மார்ச்சில் நமது 'கொல்கத்தா' போர்க்கப்பல் அதனை மடக்கிற்று. 17 மாலுமிகளை மீட்டது. 35 கொள்ளையரை மும்பைக்குக் கொண்டுவந்தது. அவர்கள்மீது வழக்குத் தொடர 2022ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இருந்தது. வீரர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால், ஏறத்தாழ 2,600 கிலோமீட்டருக்கு அப்பால் நீண்ட அந்தக் கரம், கோடியக்கரைக்கு எதிரே ஏன் நீளவில்லை? 2025 மே மாதம் அங்கே நாகை மீனவர்கள் தாக்கப்பட்டனர். வலையும் இயந்திரமும் மீனும் பறிபோக, காயத்தோடு கரை திரும்பினர். வந்தவர்கள் இலங்கைப் பக்கத்துக் கடற்கொள்ளையர் என்பது அவர்கள் புகார். கொள்ளையன் எல்லை தாண்டி அண்டை நாட்டுக் கடலுக்குள் புகுந்துவிட்டால், துரத்தும் உரிமை அங்கே முடிகிறது. பன்னாட்டுச் சட்டம் அப்படி. தனித்தனிக் காவல் அங்கே போதாது. இரு நாட்டுக் கடலோரக் காவற்படைகளும் கூடிக் காத்தாலன்றிக் கொள்ளை ஓயாது.

அந்தக் கடலைக் கூடலூர் அறியும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, இம்மலையில் தேயிலை வளர்த்த குடும்பங்கள் எத்தனை!

2008இல் மும்பையைத் தாக்கியவர்கள், ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தனர். மீனவனுக்குக் காவலில்லாத கடல், நாட்டுக்கும் காவலில்லாத கடல். ஆகவே கூட்டுக் காவல் வேண்டும். பறிகொடுத்தவனுக்கு இழப்பீடு வேண்டும். மீனவன் தரும் தகவலை மதிக்கும் மனம் வேண்டும். தில்லி இதைச் செய்யட்டும். கேட்பது நாகை மட்டுமல்ல, கூடலூரும்தான்!