விலங்கொடித்த விரல்கள்

இலண்டன் மாநகரில், ஹைகேட் இடுகாட்டில், காரல் மார்க்சின் கல்லறை இருக்கிறது. கல்லிலே அவர் பெயர் உண்டு; அவர் துணைவியாரின் பெயர் உண்டு; ஒரு சிறுவனின் பெயரும் உண்டு. ஹாரி லாங்கே, மார்க்சின் பேரன். 1878 இல் பிறந்தான். 1883 மார்ச் 20 இல் மறைந்தான். ஐந்து வயது நிரம்பாத பாலகன், பாட்டனின் பக்கத்தில் துயில்கிறான். பெற்றவள் எங்கே?

அந்தக் கல்லில் அவள் பெயர் இல்லை. கடல் கடந்து, பாரிசுக்கு அருகே அர்ஜாந்தேய் என்னும் ஊரில் அவள் வாழ்வு முடிந்தது. ஜென்னி! தாயின் பெயரே மகளுக்கும். மார்க்சின் மூத்த மகள், தலைமகள், அவர் நெஞ்சுக்கு நெருங்கிய செல்வ மகள். மார்க்சைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம், நாம். மகளைப் பற்றி ஒரு சொல்லேனும் சொன்னோமா?

1844 மே முதல் நாள், பாரிசில் பிறந்தார் ஜென்னி. உலகத் தொழிலாளர் 1890 இல் முதன்முதல் மே விழா எடுத்தார்களே, அந்த நாளை 46 ஆண்டுகள் முந்திக்கொண்டு பிறந்தவர்! பிறந்த வேளை பொன்னும் மணியும் குவிந்ததா? இல்லை. நாடு விட்டு நாடு துரத்தப்பட்ட தந்தை. இலண்டனில் சோகோ பகுதியில் இரண்டே அறைக் குடித்தனம். அடகுக் கடைக்குப் போய்வரும் வீட்டுப் பொருள்கள். உடன்பிறந்தோர் மூவரை அங்கே அடுத்தடுத்துச் சாவுக்குக் கொடுத்த வீடு அது. அந்த வீட்டிலும் சிரிப்பு இருந்தது. மகளுக்குத் தந்தை வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? சீனச் சக்கரவர்த்தி! கஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் ஒரு சக்கரவர்த்தி!

வளர்ந்த மகள், தந்தையின் எழுத்துக்கு உதவியாள் ஆனார். ஆனால் நிழலாக மட்டும் நின்றுவிடவில்லை. 1867 இல் மான்செஸ்டரில் அயர்லாந்து விடுதலை வீரர் மூவரைத் தூக்கிலிட்டது ஆங்கில அரசு. அன்று முதல் கருப்பு உடை அணிந்தார் ஜென்னி. கருப்பு உடையின் பொருளை நம் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டுமா, என்ன?

1870 வந்தது. பீனியன் கைதிகள் ஆங்கிலச் சிறைகளில் வதைபட்டுக் கொண்டிருந்தனர். அவர்களில் ஒருவர் ஓ'டோனவன் ரோசா. முந்திய ஆண்டுதான் டிப்பரேரி மக்கள் அவரைச் சிறையிலிருந்தபடியே பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தனர். தண்டனை பெற்றவர் என்று சொல்லி அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கினர் ஆள்வோர். மக்கள் தேர்ந்தெடுத்தவரின் கைகளை முதுகுப்புறம் சேர்த்து விலங்கிட்டிருந்தார்கள் சிறையிலே. ஒரு நாளா, இரு நாளா? 35 நாட்கள்!

இலண்டன் ஏடுகள் வாய் திறக்கவில்லை. 25 வயது நங்கை பேனாவை எடுத்தார். 'லா மார்செய்யேஸ்' என்னும் பாரிஸ் ஏட்டில், 'ஜே. வில்லியம்ஸ்' என்ற புனைபெயரில், எட்டுக் கட்டுரைகள். ஒன்றைத் தந்தையும் மகளும் சேர்ந்தே எழுதினர். சிறையிலிருந்து கடத்தி வந்த ரோசாவின் கடிதத்தையே அச்சில் ஏற்றிவிட்டார்! பாரிசில் எழுந்த குரல் இலண்டனில் இடித்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்த ஏடுகள் பதில் சொல்ல ஓடிவந்தன. கிளாட்ஸ்டன் அரசு விசாரணைக்கு இணங்கிற்று. 1871 தொடக்கத்தில் ரோசாவும் தோழர்களும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை பெற்றனர். ஜென்னி ஒருவரால் மட்டுமே நடந்ததென்று நாம் சொல்லமாட்டோம். அயர்லாந்தே கொதித்து நின்றது. ஆனால் 'யார் இந்த வில்லியம்ஸ்?' என்று கேட்டவர்களுக்கு, அது ஒரு பெண் என்று தெரிந்திருந்தால்?

அதே 1871, ஆகஸ்டு. பாரிஸ் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட சில வாரங்களில், தென் பிரான்சில் தங்கை எலினாருடன் போலீசாரிடம் சிக்கினார் ஜென்னி. கம்யூன் போரில் வீழ்ந்த புளூரான்சின் பழைய கடிதம் ஒன்று அவரிடம் இருந்தது. அகப்பட்டால் நாடு கடத்தல்தான்! அலுவலகத்தில் தனியே விடப்பட்ட ஒரு நொடி. தூசி படிந்த பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைத் திறந்தார், கடிதத்தை உள்ளே வைத்தார், மூடினார். தேடியவர்களின் மேசையிலேயே கிடந்தது, தேடிய பொருள்! இதை எங்கெல்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

மறு ஆண்டு மணம். மணமகன் சார்லஸ் லாங்கே, கம்யூன் உறுப்பினர், அகதி. தலைச்சன் பிள்ளை ஓராண்டு நிறையுமுன் இறந்தது. பின் ஜான், ஹாரி, எட்கர், மார்செல், ஒரு பெண். 1873 முதல் 1882 வரை ஆறு பேறுகள்! அதற்கிடையே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கூலியும் ஈட்டினார். ஆஸ்துமா வேறு மூச்சை இறுக்கிற்று. 1880 இல் பொது மன்னிப்பு வந்தது. கணவர் பாரிசில் கிளமென்சோவின் ஏட்டில் எழுதப் போனார். 1881 இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜென்னி அர்ஜாந்தேய் சேர்ந்தார். தங்கைகளுக்கு எழுதிய கடிதங்களில் அவர் வாழ்வு தெரிகிறது: ஓயாத வேலை, உறக்கமில்லா இரவு, வீடு வந்தால் கணவரின் கடுகடுப்பு.

லாங்கே தீயவர் அல்லர், தோழர்களே. கொள்கைக்காக நாடிழந்தவர். அதனால்தான் சொல்கிறோம். கூட்டம் முடிந்து நள்ளிரவில் நாம் கதவைத் தட்டுகிறோமே, எழுந்து வந்து திறப்பவள் அன்று முழுவதும் எத்தனை குடம் தூக்கினாள் என்று கேட்டதுண்டா? கேட்காமலே, ஆறிய சோற்றுக்குச் சினந்ததுண்டு! 35 நாள் கட்டுண்ட கைகளுக்காக உலகைக் கூவி அழைத்த பேனா, பத்தாண்டுகள் அடுப்படியில் கட்டுண்டு கிடந்தது. அதற்கு எந்த ஏட்டில் எட்டுக் கட்டுரை வந்தது?

பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தார். 1882 கோடையில், மனைவியை இழந்து நோயுற்ற மார்க்ஸ் அந்த வீட்டுக்குத்தான் வந்தார். பேரப்பிள்ளைகளின் ஆரவாரத்தில் ஆறுதல் தேடினார். மகளுக்கு அப்போதே புற்றுநோய். வயிற்றில் குழந்தை வேறு. செப்டம்பரில் பெண் பிறந்தது. 1883 ஜனவரி 11 அன்று, 38 வயதில், ஜென்னி கண் மூடினார்.

வைட் தீவில், வென்ட்னரில் தங்கியிருந்த தந்தையிடம் செய்தியைச் சுமந்து சென்றவர் எலினார். மகளை அடக்கம் செய்யப் போகவும் கிழவருக்கு வலுவில்லை. பிள்ளைகளைப் பார் என்று எலினாரைப் பாரிசுக்கு அனுப்பிவிட்டு இலண்டன் திரும்பினார். மார்ச் 14 இல் நாற்காலியில் அமர்ந்தபடியே மறைந்தார். ஆறு நாள் கழித்து ஹாரியும் போனான். தாயின் பெயரையே தாங்கிய கைக்குழந்தை ஜென்னிக்கு அப்போது ஆறு மாதம். பெற்றவள் முகம் அவள் நினைவில் தங்க வழியில்லை.